கிலோக் கணக்கும் ரூபாய்க் கணக்கும்

மார்கழியில் ஆடலூர் டீக்கடை பெஞ்சில் நாலு மணிக்கே மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரும் நானும் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரைப் பிடித்துக் கை காய்ந்துகொண்டிருந்தோம்.

"அண்ணே, முப்பது வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல பேரேடு புரட்டுனவரு நீங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் கம்பெனி இருந்துச்சுல்ல, அதுல வேலை பார்த்தவங்க உடம்பு கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்கல்ல, அது கம்பெனி கணக்குல எந்தப் பக்கம் ஏறும்?"

நான் பதிலுக்கு, ஆறு கிலோ காப்பிப் பழத்துக்கு எவ்வளவு கொட்டை தேறும் என்று கேட்டேன். ஒரு கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே என்றார். அரைக் கிலோதான் வந்தால்?

"எங்கேயோ போயிருக்கு. தேடணும்."

தணிக்கையில் பாதி அவ்வளவுதான். அந்தத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் எடை போட்டு உள்ளே வரும், தெர்மாமீட்டருக்குள் ஏறி ஏற்றுமதியாகும். வந்ததிலிருந்து போனதையும் கையிருப்பையும் கழித்தால் ஒரு மீதி நிற்கும். அந்த மீதி காற்றில் போயிருக்கலாம், பின்பக்கச் சரிவில் பாம்பார் சோலைக்குள் இறங்கியிருக்கலாம், வேலை செய்தவர்களின் மூச்சோடும் போயிருக்கலாம். நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கிற உலோகம் அது. தொழிலாளர்கள் உடம்பு கெட்டது என்றார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று கம்பெனி சொல்லிவந்தது.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியே தெரிந்தது. சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் 7.4 டன் என்றது, கம்பெனி 5.3 டன் என்றது. ஒரே குவியலுக்கு இரண்டு எடை! ஆனாலும் தராசு என்று ஒன்று இருக்கிறதே, அதை எத்தனை நாள் மறுக்க முடியும்? ஆலை அந்த மாதமே மூடியது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

"ரூபாய்க் கணக்குக்கு வாங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். பெரிய கம்பெனிகள் இன்று பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 37 மூன்று கேள்வி கேட்கும். கடமை இருக்கிறதா? பணம் வெளியே போகும் வாய்ப்பு அதிகமா? எவ்வளவு என்று நம்பகமாக மதிப்பிட முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் லாபத்திலிருந்து பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒதுக்க வேண்டாம், ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் ஒரு வரி போதும். வாய்ப்பு மிகக் குறைவு என்றால் அந்த வரியும் வேண்டாம். பழைய தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இப்படி வழக்குப் போட்டுக் கேட்கும் பணம் பொதுவாக அந்தப் பின்பக்கத்தில், 'கடனாக ஏற்கப்படாத கோரிக்கைகள்' என்ற தலைப்பின் கீழ்தான் குடியிருக்கும். எத்தனையோ ஆண்டறிக்கைகளில் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குள் ஒருவருடைய கிட்னி இருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை.

ஆலை மண்ணுக்கும் இதே கதைதான். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை வைத்துச் சுத்தம் செய்ய அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம்தானே என்று ஆர்வலர்கள் சண்டை போட்டார்கள். எல்லையைக் கீழே இறக்க இறக்கத் தோண்ட வேண்டிய மண் கூடும், ஒதுக்க வேண்டிய பணமும் கூடும். விஞ்ஞானச் சண்டை மாதிரி தெரிந்தாலும், ஐந்தொகையில் ஒரு எண்ணைத் தீர்மானிக்கிற சண்டை அது.

2016 மார்ச்சில் சமரசம் வந்தது. 591 பழைய தொழிலாளர்களுக்குப் பணம் கிடைத்தது; எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தரும் கருணைத் தொகை என்றது கம்பெனி. கடைக்காரரின் கடன் நோட்டைக் காட்டினேன். "உங்க பேர்ல எழுதியிருக்கிற நாற்பது ரூபாயை, பாவம்னு சும்மா குடுத்ததா எழுதிட்டுக் குடுத்தா வாங்கிப்பாரா?" கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "பணத்தை வாங்கிப்பேன், அந்த எழுத்தை அடிச்சிருவேன்" என்றார்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய பட்டியல் நிறுவனங்கள் ஆயிரத்துக்கு 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி ஒரு பொறுப்பறிக்கையைக் கட்டாயமாக்கியது. அதில் ஐந்தாவது கோட்பாடு மனித உரிமை. எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை புகார், எத்தனை நிலுவை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டங்கள் இன்று வேலையில் இருப்பவர்களைத்தான் எண்ணும். என்றைக்கோ மூடிய ஆலையின் பழைய தொழிலாளிக்கென்று அங்கே தனிக் கட்டம் கிடையாது.

எனக்குப் பிடித்தது யாரும் புரட்டாத வேறொரு தாள். சுற்றுச்சூழல் விதிகளின்படி தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டிய படிவம் 5. 1990களிலிருந்தே இருக்கிறது. ஒரு அலகு உற்பத்திக்கு மூலப்பொருள் எவ்வளவு செலவானது, போன வருஷம் எவ்வளவு என்று கேட்கும். அதுதான் கிலோக் கணக்கு. "கடமை இருக்கிறதா" என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை.

தோட்டக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். திண்டுக்கல் பக்கம் அவர் மச்சினனுக்கு ஒரு கிணறு உண்டு. தோல் பதனிடும் ஷாப்புகள் வந்த பிறகு அந்தத் தண்ணீரை மாடுகூடத் தொடுவதில்லை.

"தோலுக்குப் போடுற குரோமியத்துக்கும் அந்தத் தாள்ல கணக்கு உண்டாண்ணே?"

"எழுதித்தான் ஆகணும்."

"நம்ம கேட்டா குடுப்பாங்களா?"

தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம், திண்டுக்கல்லிலேயே வாரிய அலுவலகம் இருக்கிறது என்றேன். அவர் கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார் கடைக்காரர்.