நீர்ப்பாம்பும் நகர நிர்மாணமும்

அமெரிக்காவில் ஒரு நகரத்தின் விஸ்தரிப்புத் திட்டம், ஒரு தண்ணீர்ப் பாம்பையும் ஒரு பருந்தையும் முன்னிட்டு நியாயஸ்தலத்தில் தடைப்பட்டது என்றால், நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். மனிதருக்கு வீடில்லாதபோது பாம்புக்கு வீடு தேடுவதா என்று வினவுவோரும் உண்டு. ஆயினும் அவ்வழக்கின் வரலாற்றை ஊன்றிக் கவனித்தால், அது பொதுநல ஊழியர் யாவரும் அறியவேண்டிய விஷயமென்பது புலனாகும்.

காலிபோர்னியாவின் மத்தியச் சமவெளியில் வாழும் இப்பாம்பை அந்நாட்டார் ‘ஜயண்ட் கார்ட்டர்’ என்பர். ஐந்தடிக்குமேல் வளரும், மனிதருக்குத் தீங்கு செய்யாது, மீனும் தவளையும் அதன் இரை. அச்சமவெளியின் சதுப்பு நிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் வடிக்கப்பட்டு, வயல்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. எஞ்சிய பாம்புகள் நெல்வயல்களிலும் அவற்றின் வாய்க்கால்களிலும் அடைக்கலம் புகுந்தன. ராஜ்ய சர்க்கார் 1971-ஆம் வருஷத்திலும், மத்திய சர்க்கார் 1993-ஆம் வருஷத்திலும் இதனைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன.

இத்தகைய இடத்தில் கட்டட வேலை தொடங்குமுன் அதனால் விளையும் கேட்டை அளந்தறிதல் வேண்டும். அளப்பது எங்ஙனம்? நீர் உள்ள இடத்தை மட்டும் பார்த்தாற் போதாது. கோடையில் நீரில் திரியும் பாம்பு, குளிர்காலத்தில் வெள்ளம் ஏறாத மேட்டு வளைகளில் அடங்கிக் கிடக்கிறது. ஆதலின் கரையிலிருந்து 200 அடி வரையுள்ள மேட்டு நிலத்தையும் அதன் வாசஸ்தலமாகவே கணக்கிட்டனர். பாம்பு உறங்கும் காலமே மண் வெட்டுவதற்கு ஏற்றது என்று நமக்குத் தோன்றும். உண்மை இதற்கு மாறானது. உறங்கும் பாம்பு ஓட முடியாமல் வளையிலேயே நசுங்கி மடியும். எனவே 1997-ஆம் வருஷத்தில் மத்திய வனஜீவி இலாகா வகுத்த விதிகள், மே 1 முதல் அக்டோபர் 1 வரை, அது விழித்துத் திரியும் மாதங்களிலேயே வேலையை நடத்தச் சொல்லின. நீர் வற்றிய வாய்க்காலை ஏப்ரல் 15-க்குப் பின் இடைவிடாமல் 15 நாள் உலரவிட்ட பிறகே தோண்டலாம். தொடங்குமுன் 24 மணி நேரத்துக்குள் ஸ்தலத்தைச் சோதிக்கவேண்டும். சிறு வேலைகளுக்காக ஏற்பட்ட அவ்விதிகளின்படி, நிரந்தரமாக அழியும் ஒவ்வோர் ஏக்கருக்கும் மூன்று ஏக்கர் ஈடு செய்தாகவேண்டும்.

பெரிய வேலையில் நடந்தது என்ன? ஸாக்ரமெண்டோ நகருக்கு வடக்கே நடோமாஸ் என்னும் படுகை இருக்கிறது. சுமார் 53,000 ஏக்கர் விஸ்தீரணம் உள்ள அதில் 17,500 ஏக்கரில் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டு, கட்டப்படும் ஒவ்வோர் ஏக்கருக்கும் அரை ஏக்கரை மட்டும் பாதுகாப்பதாக 1997-இல் ஏற்பாடு செய்தனர். கட்டப்படும் நிலம் முழுவதும் பாம்பின் இருப்பிடமன்று என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அது வாஸ்தவமே. ஆயினும் ஈடாக வாங்கும் வயலிலும் பாம்பு முன்னமே வாழ்ந்திருக்கக்கூடும் அன்றோ? அந்நிலத்தின் தரத்தை உயர்த்தினாலன்றி, ஈடு என்பது வெறும் பெயரளவே ஆகும்.

தேசிய வனஜீவி சம்மேளனம் முதலிய சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. நகர சபை ஒன்றே அனுமதி பெற்றிருக்க, படுகை முழுவதும் ஒத்துழைக்கும் என்ற அநுமானத்தின்மேல் திட்டம் அமைந்திருப்பதையும், பணத்துக்குத் தக்க உறுதி இல்லாமையையும், விரிவான ஆராய்ச்சி அறிக்கை தயாரிக்கப்படாமையையும் எடுத்துக்காட்டி, 2000-ஆம் வருஷத்தில் நியாயஸ்தலம் அந்த அனுமதி செல்லாதென்று தீர்ப்பளித்தது. திருத்திய திட்டம் 2003-இல் வெளிவந்தது. அரை ஏக்கர் விகிதம் மாறவில்லை. ஆனால் வாங்கும் நிலத்தில் பாதி நெல்வயலாகவும், காற்பங்கு பராமரிக்கப்படும் சதுப்பாகவும், காற்பங்கு மேட்டு நிலமாகவும் இருக்கவேண்டுமென்று அத்திட்டம் வகுத்தது. அதனை 2005-இல் நியாயஸ்தலம் ஏற்றது.

இனி ஒன்று கூறவேண்டும். நடோமாஸ் ஆறுகளால் சூழப்பட்ட பள்ளம். அதன் கரைகள் பெருவெள்ளத்தைத் தாங்கா என்று கண்டு, 2008 டிசம்பர் முதல் 2015 வரை அங்கே புதிய வீடு கட்டுவது ஏறக்குறைய நிறுத்தப்பட்டிருந்தது. பாம்பு வாழும் இடம் நீர் தங்கும் இடம். பாம்பைக் குறித்து எழுந்த கேள்வியே, வீடு வாங்கும் ஏழை எளியவரின் உயிரையும் பொருளையும் குறித்த கேள்வியாகவும் முடிந்தது.

ஆகவே எந்த நாட்டிலாயினும், சர்க்கார் ஒரு நிர்மாணத் திட்டத்தை ஜனங்கள்முன் வைக்கும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். ஆராய்ச்சி, முடிவு செய்வதற்கு முன் நடந்ததா, பின் நடந்ததா? வருஷத்தின் எல்லாப் பருவங்களும் கவனிக்கப்பட்டனவா? ஈடாகச் சொல்லும் நிலம் எங்கே, அதனைப் பராமரிக்கும் பணம் எங்கே? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கை எத்தனை நூறு பக்கம் இருப்பினும் வெறும் காகிதமே. வேண்டாம் என்று சொல்ல அதிகாரம் இல்லாத ஆராய்ச்சி, முன்னமே செய்த முடிவுக்கு இடும் முத்திரையன்றி வேறில்லை. அம்முத்திரையைக் கண்டு பொதுஜனங்கள் ஏமாறலாகாது.