பாலாமை

ஏரி, குளம், கண்மாய், வாய்க்கால், நெல்வயல் என நீர் தேங்கும் இடமெல்லாம் வாழப் பழகிய நன்னீர் ஆமை பாலாமை. அறிவியலில் லிசெமிஸ் பங்டாட்டா. பாகிஸ்தான் முதல் வங்கதேசம் வரை பரவியுள்ளது. வடக்கே வாழும் கிளையினத்தின் முதுகில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. தெற்கத்திய ஆமைக்குப் பழுப்புப் பச்சை முதுகுதான். இலங்கையில் இருப்பது இப்போது தனி இனமாகக் கருதப்படுகிறது.

இது மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓட்டின் மேல் செதில் கிடையாது. வழவழப்பான தோல்தான் போர்த்தியிருக்கும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள். மூக்கு சிறு குழாயாக நீண்டிருப்பதால், உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விட முடிகிறது. இதன் தனிச்சிறப்பு அடிவயிற்றில் இருக்கிறது. வயிற்றோட்டின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோல் மடல்கள் உள்ளன. ஆபத்து என்றால் ஆமை பின்னங்கால்களை உள்ளிழுக்கும்; உடனே மடல்கள் அவற்றின் மேல் மூடிக்கொள்ளும். முன்புறம் வயிற்றோடே மேல்நோக்கி மடிந்து தலையையும் முன்னங்கால்களையும் மறைக்கும். மென்மையான ஓடு கொண்ட உயிருக்கு இவ்வளவு கச்சிதமான காப்பு அமைந்தது வியப்புக்குரியது.

தவளை, மீன், நத்தை, நண்டு, செத்த உடல், நீர்த்தாவரம் எதையும் இது விடுவதில்லை. அழுகும் உடல்களைத் தின்று குளத்தைத் துப்புரவாக வைப்பதில் இதன் பங்கு பெரிது. தண்ணீர் சுத்தமாகும் என்று கிணற்றில் ஆமை விடும் வழக்கமும் உண்டு. ஆனால் முட்டையிட மண் வேண்டும். உறைகிணற்றில் அது கிடையாது. அங்கே விடப்பட்ட ஆமைக்குச் சந்ததி இல்லை.

கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். முட்டைகளும் இதே பொறுமை உடையவை. கரையோர மண்ணில் குழி தோண்டி இடப்படும் உருண்டை முட்டைகளில் கரு தொடக்க நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பருவம் மாறிய பிறகே மீண்டும் வளரும். குஞ்சு பொரியப் பல மாதங்கள் ஆகும்.

அரிதாக உடல் முழுதும் மஞ்சளான ஆமைகளும் பிறக்கின்றன. 2020 ஜூலையில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் அப்படி ஒன்று பிடிபட்டது. நிறமி குறைபாடே காரணம்.

இறைச்சிக்காக நடக்கும் வேட்டையே இந்த ஆமைக்குப் பேராபத்து. 2017 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஒரே சோதனையில் 6,400-க்கும் மேற்பட்ட பாலாமைகள் மீட்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.