நீராவி யந்திரத்தின் மூலவர்

நீராவி யந்திரத்தை இயற்றியவர் யாரென்று வினவினால், என் மாணாக்கர் ஜேம்ஸ் வாட் என்பர். ஆயின் தாட்மத் நகரத்து இரும்பு வணிகர் தோமஸ் நியூகொமன் 1712-இலேயே, டட்லிக்கு அண்மையில், சுரங்க நீரை இறைக்கும் யந்திரத்தை நிறுவினார். உருளையில் நிறைந்த ஆவியினிடையே தண்ணீரைப் பீச்ச, ஆவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகும். வளிமண்டல அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். (பிஸ்டனுக்கு உலக்கையின் பெயரை இட்டவர் வாழ்க!) ஒவ்வொரு தடவையும் உருளையே குளிர்ந்து மீளச் சூடேறியமையால் கரி பெரிதும் விரயமாயிற்று. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அவ்வியந்திரத்தின் மாதிரியொன்றைச் செப்பனிடப் புகுந்த வாட் இக்குறையை உணர்ந்தார். 1765-இல், ஆவியை வேறொரு கலத்திற் குளிர்விக்கும் உபாயத்தைக் கண்டார். அரிய திருத்தமே; எனினும் திருத்துதற்கு மூலம் வேண்டுமன்றோ? தோமஸ் சேவரி என்பார் 1698-இற் பெற்ற ஆக்கவுரிமை நியூகொமனின் யந்திரத்தையும் அடக்கிற்று. அதன் கீழேயே அவர் தொழில் நடத்த நேர்ந்தது. 1729-இல் மறைந்த அவருடைய உருவப்படந்தானும் நமக்குக் கிடைத்திலது.