பழைய டீஸல் காரும் உப்புக் காற்றும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒருவர் பழைய படகு வாங்கப் போனால் தனியாகப் போகமாட்டார். தொழில் தெரிந்த பெரியவர் ஒருவரையும், என்ஜின் சத்தத்தை வைத்தே அதன் வயதைச் சொல்லக்கூடிய ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போவார். படகின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார்; தட்டிப் பார்ப்பார்; தண்ணீரில் தள்ளி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இதுவரை யார் கையில் இருந்தது, கடலில் ஓடியதா, ஏரியில் ஓடியதா என்றெல்லாம் விசாரித்த பிறகே விலை பேசுவார்.

அதே மனிதர் பழைய மோட்டார் கார் வாங்கப் புறப்பட்டால் நிலைமை வேறு. வர்ணத்தின் பளபளப்பைப் பார்க்கிறார். உள்ளே பாடும் பாட்டுப் பெட்டியைக் கேட்கிறார். ஆசனத்தில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறார். மறுநாளே பணம் கைமாறிவிடுகிறது! படகு விஷயத்தில் காட்டும் விவேகத்தில் பாதியைக் காரிடம் காட்டினாலும் போதும். எத்தனையோ குடும்பங்கள் நஷ்டத்திலிருந்து தப்பும்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1613-ஆம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி வியாபாரம் செய்த ஊர் இது. இன்று இறாலுக்கும் நண்டுக்கும் பூநாரைக்கும் பெயர் பெற்றது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வரிசையாகக் குப்பங்கள். நடுநிசியில் பிரசவ வேதனை கண்டாலும், குழந்தைக்கு ஜுரம் அதிகமானாலும் பெரிய வைத்தியத்துக்குப் பொன்னேரிக்கோ சென்னைக்கோதான் ஓட வேண்டும். ரயில் ஏறுவதற்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கடந்து பொன்னேரிக்குப் போகவேண்டும். ஆகவே இப்பக்கத்தில் ஒரு குடும்பம் கார் வாங்க ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டுப்போனால் வருமானமும் அடைபட்டுப்போகும். புதுக் காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. பழைய கார், அதிலும் டீஸலில் ஓடும் சின்னக் கார், கண்ணுக்குப் படுவது அதனால்தான்.

மலிவுக்குக் காரணம்

பின்புறக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார்களை ஹாட்ச்பேக் என்கிறார்கள். நம் நாட்டில் இவ்வகைக் காரில் டீஸல் என்ஜினைப் பிரபலப்படுத்தியது 1998-இல் வந்த டாடா இண்டிகா. இந்தியாவிலேயே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட கார் என்று அன்று தேசமே பெருமைப்பட்டது. பிறகு மாருதி ஸ்விப்டில் பியட் கம்பெனியின் 1.3 லிட்டர் டீஸல் என்ஜின் வந்தது. அதே என்ஜின் டாடா, பியட் முதலிய வேறு பல கார்களிலும் இடம்பெற்று, 'தேசிய என்ஜின்' என்று வேடிக்கைப் பெயரும் வாங்கிக்கொண்டது. நம் தமிழ் நாட்டிலேயே மறைமலை நகரில் போர்டு ஃபிகோவும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஐ20-யும் டீஸல் என்ஜினுடன் தயாராயின.

அக்காலத்தில் ஜனங்கள் டீஸலை நாடியதற்குக் காரணம் விலை. 2012 மே மாதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கும் டீஸலுக்கும் 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீஸல் விலையின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியது; வித்தியாசமும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் கடுமையான புகை விதிகள் அமுலுக்கு வந்தபோது மாருதி கம்பெனி டீஸல் கார்களுக்கே விடை கொடுத்துவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். 2025-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட டாடா ஆல்ட்ராஸ் போன்ற ஒன்றிரண்டில்தான் டீஸல் மிஞ்சியிருந்தது. ஆகையால் பழைய வண்டிச் சந்தையில் இன்று அகப்படுபவை பெரும்பாலும் 2020-க்கு முன் பிறந்தவை. மலிவாகக் கிடைப்பது மெய்தான். எதனால் மலிவு என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு கட்சிகள்

டீஸல் கார் வைத்திருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால் அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

முதல் கட்சிக்காரர்கள் புகழ்மாலை சூட்டுகிறார்கள். "லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது, ஐந்து பேர் ஏறினாலும் இழுவை குறைவதில்லை, காலத்தில் எண்ணெய் மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும்" என்பது இவர்கள் வாதம். இரண்டாவது கட்சிக்காரர்களோ, "அது ஓடுகிற வரையில் லாபம், நின்றால் சர்வநாசம்! இன்ஜெக்டர் போனால் பல ஆயிரம், டர்போ போனால் பல ஆயிரம், கிளட்சு போனாலும் பல ஆயிரம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இரு கட்சியாரும் சொல்வது உண்மையே. இவர்களை இரண்டாகப் பிரிப்பது பெரும்பாலும் மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள் என்ற ஒரே விஷயந்தான். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

2024 மார்ச்சு மாத விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாயாக இருந்தது. டீஸல் சுமார் 92 ரூபாயாக இருந்தது. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீஸல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 6 ரூபாய் 73 காசு. டீஸல் செலவு 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய் 13 காசு.

வாரம் இரண்டு தடவை பொன்னேரிக்குப் போய் வரும் குடும்பத்துக்கு மாதம் 320 கிலோமீட்டர் ஆகும். மிச்சமாவது ஏறக்குறைய 680 ரூபாய். வருஷத்துக்கு 8,000 சொச்சம். ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் இரண்டு மூன்று வருஷத்துச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். மாறாக, மாதத்தில் 25 நாள் சென்னைக்குப் போய் வருகிறவருக்கு 3,000 கிலோமீட்டர். மிச்சம் மாதம் 6,390 ரூபாய், வருஷத்துக்கு 76,000-க்கு மேல். இவர் ரிப்பேருக்கும் கொடுத்து, வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

குறைந்த தூரம் ஓட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. டீஸல் என்ஜின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடுவதையே விரும்புவது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் புகைக்கரி உள்ளேயே படியும். 2020-க்குப் பின் வந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். இல்லாவிட்டால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்.

உப்பும் வெள்ளமும்

ஏரிக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்புக்கு அது எமன். கதவின் வெளிப்புறத்தில் துரு தெரிந்தால் அற்பம். அடிப்பக்கத்தில் தெரிந்தால் அபாயம். ஆகையால் காரைத் தூக்கி நிறுத்திக் கீழே குனிந்து பார்ப்பது அவசியம். பிரேக் குழாய்கள், சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள், உபரிச் சக்கரம் வைக்கும் குழி, கால்மிதியின் கீழுள்ள தகடு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். புதிதாகக் கறுப்பு வர்ணம் அப்பியிருந்தால், எதை மறைக்க என்று கேட்பதில் தவறில்லை.

சிலர் பின்புறத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி மீன் ஏற்றிப் போகிறார்கள். உப்புத் தண்ணீர் கசிந்து தரைத் தகட்டை அரிக்கும். வாசனையோ அடுத்த சொந்தக்காரர் காலம் வரையில் நிலைத்திருக்கும்! அத்துடன், சொந்த உபயோகக் காருக்குரிய இன்ஷூரன்ஸ் பத்திரம் பிரயாணிகளின் சொந்த மூட்டைகளைத் தவிர வியாபாரச் சரக்கு ஏற்றுவதை ஒப்புக்கொள்வதில்லை. விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு மறுக்கப்படலாம். மீன் வியாபாரத்துக்கு வண்டி தேவையானால் சரக்கு வண்டியாகவே பதிவான ஒன்றை வாங்குவதுதான் முறை.

வெள்ளத்தில் முழுகிய வண்டிகளையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. துடைத்து மெருகேற்றினால் வெளிப்பார்வைக்கு அவை புதுமணப் பெண் போல இருக்கும். ஆசன வாரை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை தென்படலாம். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆசனத்தின் அடியிலுள்ள திருகுகள் துருவேறியிருந்தால், அவை தாமாகக் குளத்தில் இறங்கிக் குளித்திருக்க முடியாது அல்லவா?

என்ஜின் சொல்லும் சாட்சியம்

காரைப் பார்க்கக் காலையில் போவது நல்லது. போனதும் முதலில் முன் மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்கள் வரவுக்கு முன்பே என்ஜினை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் தடையின்றிக் கிளம்புகிறதா என்பதே முதல் பரீட்சை.

புகையின் நிறம் அடுத்த சாட்சி. நீலப் புகையானால் என்ஜின் எண்ணெய் உள்ளே எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது அல்லது இன்ஜெக்டரில் கோளாறு. அடர்ந்த கறுப்புப் புகையானால் காற்றுக்கும் டீஸலுக்கும் உள்ள அளவு கெட்டிருக்கிறது. என்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி பீறிட்டால், உள் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று சந்தேகிக்கலாம். எண்ணெய் கறுப்பாயிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீஸலில் அது இயற்கை. பால் கலந்த காப்பி போல இருந்தால் மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். பைபர் படகில் டீஸல் என்ஜின் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இவை புதிய பாடம் அல்ல.

கிலோமீட்டர் காட்டும் கருவியைப் பின்னுக்குத் திருப்பும் கலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அதை நம்புவதைவிட, பட்டறையில் வேலை செய்ததற்கான ரசீதுகளைத் தேதிவாரியாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

காகிதமும் காரே

வண்டி கைக்கு வந்தால் மட்டும் போதாது, பெயரும் மாறவேண்டும். 29, 30 எண் நமூனாக்களில் விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். கடன் இருந்து தீர்ந்திருந்தால், அதை நீக்குவதற்கான 35-ஆம் நமூனாவும் கடன் கொடுத்தவரின் கடிதமும் தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே ராஜ்யத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விற்றவருக்கும் இதில் அக்கறை உண்டு. பெயர் மாற்றாமல் பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. காரை விற்று வருஷங்கள் ஆனவரின் தலையில் பாரம் விழுந்தது! "நமக்குள் என்ன, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்னும் தாட்சண்யம் இரு சாராருக்கும் ஆகாது.

சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு பரிசோதனை செய்வித்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குரிய கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 13 வயதுக் காரை வாங்குகிறவர் இதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். தில்லிப் பக்கத்துக் கார்கள் இன்னும் மலிவாக வருவதுண்டு. 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகளுக்கு அங்கே விதித்த தடையைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் ஆதரித்ததே அதற்குக் காரணம். பின்னால் சில தளர்வுகளும் வந்தன. அத்தகைய காரை இங்கே வைத்துக்கொள்ளத் தடையின்மைப் பத்திரம், மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் வேண்டும். இவற்றைக் கூட்டினால் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம்.

முடிவாக ஒரு யோசனை. கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருஷத்து ரிப்பேருக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். வாங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிட வேண்டும். தூரம் அதிகமில்லாத குடும்பத்தார் டீஸலை மறந்து, நல்ல பெட்ரோல் காராகத் தேடுவதே உத்தமம். எதை வாங்கினாலும், படகு பார்க்கப் போகும்போது அழைத்துச் செல்லும் அந்த இருவரையும் இதற்கும் அழைத்துக்கொண்டு போங்கள். காப்பிச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.