அப்டேட் போட்டதும் போன் மெதுவானதா?

2017 டிசம்பர் 18ஆம் தேதி. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் பிரைமேட் லேப்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் நிறுவனர் ஜான் பூல் சில வரைபடங்களை வெளியிட்டார். இரண்டே நாளில் ஆப்பிள் நிறுவனம் வாய்திறக்க வேண்டியதாயிற்று. பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்களின் வேகத்தை அப்டேட் வழியாகத் தான் மட்டுப்படுத்தியது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. ‘அப்டேட் போட்டதிலிருந்து போன் இழுக்கிறது’ என்பது அதுவரை வெறும் புலம்பலாகவே கருதப்பட்டது. அந்தப் புலம்பலுக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்ததை எண்கள் காட்டிக்கொடுத்தன.

பூலின் நிறுவனம் தயாரிப்பது கீக்பெஞ்ச் என்ற செயலி. போனின் சிப்புக்குக் குறிப்பிட்ட சில வேலைகளைக் கொடுத்து, முடிக்க ஆகும் நேரத்தை மதிப்பெண்ணாக மாற்றித் தரும். உலகெங்குமிருந்து வந்து குவிந்த மதிப்பெண்களிலிருந்து ஐபோன் 6எஸ் உடையவற்றை மட்டும் எடுத்து, ஐஓஎஸ் பதிப்பு வாரியாகப் பிரித்து, எந்த மதிப்பெண் எவ்வளவு வந்தது என்று வரைந்தார் பூல். 10.2 பதிப்பில் ஒரே ஒரு மேடு. ஒரே மாடல், ஒரே சிப் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். 10.2.1 பதிப்பில் அதன் இடப்பக்கம், குறைந்த மதிப்பெண்களில், புதிதாகச் சில குட்டி மேடுகள் முளைத்திருந்தன. 11.2 பதிப்பில் அவை இன்னும் தெளிவாக எழும்பின.

இந்த வடிவம்தான் என்னை மிகவும் வியக்க வைப்பது. புதிய மென்பொருள் பொதுவாகவே கனமாகிவிட்டது என்றால் மேடு மொத்தமாக இடப்பக்கம் நகர்ந்திருக்கும். தனித்தனி மேடுகள் முளைத்தன என்றால், ஒரே மாடலுக்குள் சில போன்கள் மட்டும் குறிப்பிட்ட வேகப் படிகளில் நிறுத்திவைக்கப்படுகின்றன என்று பொருள். சராசரியை மட்டும் கணக்கிட்டிருந்தால் ‘கொஞ்சம் குறைந்திருக்கிறது’ என்பதோடு கதை முடிந்திருக்கும்.

காரணம் வேதியியலில் இருந்தது. லித்தியம் அயன் பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்மின்தடை ஏறும். சிப் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, போன் பட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்க, பேட்டரி தளர்ந்த போன்களில் சிப்பின் உச்ச வேகத்தை அப்டேட் குறைத்தது. நோக்கம் நியாயமானதாக இருக்கலாம். சொல்லாமல் செய்தது நியாயமில்லை. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, உத்தரவாதக் காலம் கடந்த பேட்டரியை மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனர்களுக்கு முறையாகத் தெரிவிக்காததற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பூலிடம் ஏராளமான போன்களின் மதிப்பெண்கள் இருந்தன. ஒரே ஒரு போன் வைத்திருக்கும் நாம் என்ன செய்வது? யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய, நிலையான சோதனை ஒன்று சாத்தியம்தான். அதன் முதல் விதி காலம் பற்றியது: அப்டேட்டுக்கு முன்பே அளந்திருக்க வேண்டும். புதிய ஐஓஎஸ் வந்த சில வாரங்களில் பழைய பதிப்புக்கு ஒப்புதல் தருவதை ஆப்பிள் நிறுத்திவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பூட்டு உண்டு. எனவே நேற்றைய வேகத்தை இன்று அளக்க வழியே கிடையாது.

இரண்டாவது, அளக்கும் விதம் மாறக் கூடாது. அரிசி அளக்கும் படி சரியாக இருந்தாலும் வாங்கும்போது கோபுரமாகவும் விற்கும்போது தலைதட்டியும் அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். போனில் இந்தப் பொய் பல வழிகளில் நுழையும். முதலில் வெப்பம். சூடேறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் சென்னை மொட்டைமாடி அறையில் அளந்ததை மார்கழியில் அளந்ததோடு ஒப்பிட்டால், பருவங்களைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். பேட்டரியில் உள்ள சார்ஜ் அளவு, நினைவகத்தில் மீதமுள்ள இடம், பின்னணியில் ஓடும் செயலிகள் எல்லாம் இரண்டு முறையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். செயலிகள் தாமாக அப்டேட் ஆவதையும் நிறுத்திவையுங்கள்; இல்லையென்றால் எது எதை மாற்றியது என்று பிரிக்க முடியாது. அப்டேட் முடிந்தவுடன் அளப்பதும் தவறு. புதிய பதிப்பு ஏறியதும் செயலிகளை மறுபடி தொகுப்பது, படங்களை அலசிப் பட்டியலிடுவது என்று போன் பின்னணியில் வெகுநேரம் உழைக்கும். இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள்.

எதை அளப்பது? கேமரா திறக்கும் நேரம், வரைபடச் செயலி திறக்கும் நேரம், மறுதொடக்கம் ஆகும் நேரம், ஒரே வீடியோவை ஒரு மணி நேரம் ஓட்டினால் குறையும் பேட்டரி. இவையே போதும். பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் நம்பாமல் அன்றாடச் செயலிகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013இல் ஆர்ஸ் டெக்னிகா இதழ் சாம்சங் கேலக்ஸி நோட் 3 போனில் கீக்பெஞ்ச் செயலியின் பெயரை மட்டும் ‘ஸ்டெல்த்பெஞ்ச்’ என்று மாற்றி ஓட்டியது. மதிப்பெண் கணிசமாக இறங்கிவிட்டது. பெயரைப் பார்த்துத் தேர்வு நடப்பதை அறிந்து, அப்போது மட்டும் போன் சிப்பை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறது. சில சோதனைகளில் இப்படிக் கூடிய மதிப்பெண் 20 சதவீதம் வரை இருந்தது. கேமரா திறப்பதில் இந்தத் தந்திரம் செல்லாது. அதில் ஏமாற்ற வேண்டுமென்றால் கேமராவை உண்மையாகவே வேகமாகத் திறக்க வைத்தாக வேண்டும்!

ஸ்டாப்வாட்ச் உதவாது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே சுமார் 0.2 நொடி ஆகும்; செயலி திறப்பதே ஒரு நொடிக்குள் முடிகிற விஷயம். இன்னொரு போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் பல மாடல்களில் நொடிக்கு 240 படங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே நான்கு மில்லிநொடிக்குச் சற்று மேல். விரல் திரையைத் தொட்ட படத்திலிருந்து செயலி முழுதாகத் தெரிந்த படம்வரை எண்ணினால், கடையில் விலைக்கு வாங்காமலேயே ஒரு துல்லியக் கருவி உங்கள் கையில்.

வீடியோ சோதனை தவிர மற்ற ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து, வரிசைப்படுத்தி, இடைநிலை அளவை எடுங்கள். மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் சேர்த்தே குறித்துவையுங்கள். முன் அளவுகளும் பின் அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தால், மாற்றம் இருப்பதாகச் சொல்லாதீர்கள். இந்தக் கண்டிப்பு அவசியமா என்றால், அவசியம். 2009இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டாட் மிட்கோவிச்சும் கூட்டாளிகளும் ஒரு விந்தையைக் காட்டினார்கள். பயனர் பெயர் போன்ற விவரங்கள் தங்கும் சூழல் மாறிகளின் நீளம் மாறினாலே, நினைவகத்தில் நிரலின் தரவு அமரும் இடம் சற்று நகர்ந்து, அதன் வேகம் மாறிவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் ஆசை. கேமரா முன்பு 1 நொடி, இப்போது 2 நொடி; வரைபடம் முன்பு 2 நொடி, இப்போது 1 நொடி என்று வைத்துக்கொள்வோம். பழையதை அடிப்படையாகக் கொண்டால் விகிதங்கள் 2, 0.5, சராசரி 1.25. ஆகவே புதியது 25 சதவீதம் மெதுவு. புதியதை அடிப்படையாகக் கொண்டாலும் அதே 1.25 வரும், இப்போது பழையதுதான் 25 சதவீதம் மெதுவு! ஃபிளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986இலேயே இந்தப் பொறியைச் சுட்டிக்காட்டி, விகிதங்களுக்கு, அவற்றைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரிதான் பொருந்தும் என்று காட்டினார்கள். அதன்படி விடை சரியாக 1. ஆனால் வீட்டுக் கணக்குக்கு அதுவும் வேண்டாம் என்பேன். கேமரா மெதுவானதும் வரைபடம் வேகமானதும் தனித்தனிச் செய்திகள், இரண்டும் நமக்குத் தெரிய வேண்டியவை.

வேகம் குறைந்தது என்று தெரிந்தாலும் அடுத்து வரும் அப்டேட்டுகளைத் தவிர்க்காதீர்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைகள் வெளிப்பட்டபோது அவற்றை அடைத்த மென்பொருள் சில வகை வேலைகளை உண்மையிலேயே மெதுவாக்கியது. பாதுகாப்புக்காகக் கொடுத்த விலை அது. அந்த விலை எவ்வளவு என்று கேட்கும் உரிமை, காசு கொடுத்துப் போன் வாங்கிய எல்லோருக்கும் உண்டு. அடுத்த அப்டேட் அறிவிப்பு வரும்போது ‘நிறுவு’ பொத்தானைத் தொடுவதற்கு முன் அரை நாள் எடுத்துக்கொண்டு அளந்துவிடுங்கள். தேதி, பதிப்பு எண், பேட்டரி நலம், அறையின் வெப்பம் நான்கையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பர்களையும் அதே முறையில் அளக்கச் சொல்லுங்கள்.