கார் ஓட்டும் பொம்மையும் கார்ட்டூன் படமும்



கோனியம்மன் தேர் வந்தாலும், ஊர்ப்புறத்தில் மாரியம்மன் நோம்பி வந்தாலும், நம் மளிகைக் கடைகளின் முன்னால் விளையாட்டுச் சாமான்கள் சரம் சரமாகத் தொங்கும். பொத்தானை அழுத்திக் கார் ஓட்டும் கையடக்க வீடியோ கேமும் அதில் ஒன்று. எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது ஒரே கார்தான். ஆனால் மேலே கார்ட்டூன் படம் போட்டது விற்றுவிடும். படம் இல்லாதது தூசி படிந்து கிடக்கும். ஆக, நாம் விற்பது படத்தைத்தான். அந்தப் படத்திற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சோட்டா பீமையே எடுத்துக்கொள்வோம். இது ஐதராபாத் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தின் படைப்பு. 2008-ல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கியது. பீம் கார் ஓட்டும் பந்தய விளையாட்டைச் செல்போனுக்காக வெளியிட்டது மும்பையைச் சேர்ந்த நசாரா நிறுவனம். உரிமம் பெற்றுத்தான் வெளியிட்டது. உரிமம் என்பது கடை வாடகை மாதிரி: கட்டடம் ஒருவருடையது, வியாபாரம் மற்றவருடையது. பொதுவாக முன்பணம் கொடுத்து, விற்பனையிலும் ஒரு பங்கு தருவார்கள். எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். செல்போன் விளையாட்டுக்கு வாங்கிய உரிமம் பொம்மைக்குச் செல்லாது.

முறையாக உரிமம் வாங்கியவர்களுக்கே வம்பு வந்ததுண்டு. அமெரிக்காவின் பிரபல கார்ட்டூன் தொடரான சிம்ப்சன்ஸை வைத்து 2001-ல் 'ரோட் ரேஜ்' என்ற கார் ஓட்டும் வீடியோ கேம் வந்தது. 2003-ல் கையடக்கக் கருவிக்கும் வந்தது. படத்தின் உரிமையில் சிக்கல் இல்லை. ஆனால் ஆட்டத்தின் முறை தங்கள் 'கிரேஸி டாக்ஸி'யின் காப்புரிமையை மீறுகிறது என்று ஜப்பானின் சேகா நிறுவனம் 2003-ல் வழக்குத் தொடுத்தது. கடைசியில் சமரசமாக முடிந்தது. பெரிய நிறுவனங்களுக்கு வக்கீல்கள் உண்டு. நமக்கு யார் இருக்கிறார்கள்?

போலியான வணிகச் சின்னம் போட்ட சரக்கை விற்க வேண்டும் என்பதுகூட இல்லை. விற்பனைக்காக வைத்திருந்தாலே 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104-வது பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். அதே பிரிவில் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு வாங்கினோம், சந்தேகப்பட இடமில்லை, கொடுத்தவர் விவரத்தைக் கேட்டவுடன் சொல்லிவிட்டோம் என்று நிரூபித்தால் தப்பலாம். அதற்கு நம்மிடம் இருக்கக்கூடிய நல்ல சாட்சி பில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏஜெண்டிடம் துண்டுச் சீட்டில் இரண்டு பெட்டி வாங்கினேன். உரிமைக்காரரின் ஆட்கள் வந்தபோது காட்டப் பில் இல்லை. ஏஜெண்டும் போனை எடுக்கவில்லை. சரக்கை ஒப்படைத்து, எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள். பணம் போனதைவிட, என்னை நம்பி வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களிடம் போய்ச் சரக்கைத் திரும்பக் கேட்டதுதான் பெரிய அவமானம்.

எனவே கொள்முதலின்போது இவற்றைப் பாருங்கள்:

1. ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில். பொருளின் பெயர் பில்லில் தெளிவாக இருக்க வேண்டும்.

2. அட்டையில் படத்தின் உரிமையாளர் பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு.

3. ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இது கட்டாயம். பேட்டரி, மின்சாரத்தில் இயங்கும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்கும்.

4. பேட்டரி மூடியில் திருகாணி. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தச் சரக்கு வேண்டாம். அரிசி, பருப்பு விற்றுச் சேர்த்த நல்ல பெயரை ஒரு பொம்மைக்காக இழக்க வேண்டுமா?