நஞ்சும் கரியும்

கரி என்பது வன்னி மக்களுக்குப் புதிய பொருளன்று. அடுப்படியில் எஞ்சுவது கரி. உமிக்கரியாற் பல் துலக்கி வளர்ந்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. பொற்கொல்லரின் உலையிலே கனன்றதும், சலவைத் தொழிலாளரின் பெட்டியிலே கனன்றதும் சிரட்டைக்கரியே. இத்துணை எளிய பொருளொன்று, வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிலே நஞ்சருந்தியவரின் உயிரைக் காக்கும் மருந்துகளுள் ஒன்றாகவும் விளங்குகின்றது. ஆயின் அந்த மருந்துக் கரி எத்தகையது, எவ்வாறு தொழிற்படுகின்றது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பவற்றை அறியாதவிடத்து, கரியின்மேல் வைக்கும் நம்பிக்கையே உயிருக்குக் கேடாக முடியலாம்.

வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் கரிக்குச் செயலூட்டிய கரி என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை, மரம் முதலியவற்றைக் காற்றுப் புகாமற் கரியாக்கி, அதன்பின் 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலே நீராவியைச் செலுத்தினால், கரியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பக் கூடுமானால், ஒரு கிராம் கரியின் மேற்பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீற்றர், அதாவது கால் ஏக்கர் ஆகும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கப்படும் 50 கிராம் கரியிலே 12 ஏக்கர் வயலின் பரப்பு மடிந்து கிடக்கின்றது. இலங்கையின் சிரட்டையிலிருந்து செய்யப்படும் செயலூட்டிய கரி, நீரையும் காற்றையும் தூய்மையாக்கும் பொருட்டு உலகின் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது.

இரைப்பையிலும் குடலிலும் உள்ள நஞ்சின் மூலக்கூறுகள் இந்தப் பெரும் பரப்பிலே ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். கரியோ செரிப்பதில்லை, இரத்தத்திற் கலப்பதுமில்லை. பிடித்த நஞ்சையும் சுமந்துகொண்டு மலத்துடன் வெளியேறிவிடுகின்றது. கரியின் வேலை இவ்வளவே. இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். கரி நஞ்சை முறிப்பதில்லை. குடலில் இருக்கும் நஞ்சைப் பிடித்து வைக்கின்றது. ஏற்கெனவே இரத்தத்திற் கலந்து இருதயத்தையும் மூளையையும் சென்றடைந்த நஞ்சை அது துரத்திப் பிடிக்க வல்லதன்று. ஆகையினாற்றான் நஞ்சு உட்சென்ற ஒரு மணித்தியாலத்துக்குள் கரியைக் கொடுப்பதே மிகுந்த பயன் தரும் என்று வைத்தியர் கூறுகின்றனர்.

எல்லா நஞ்சும் கரியிற் பிடிபடுவதுமில்லை. இரும்புச்சத்துக் குளிசை, லிதியம், மதுசாரம் ஆகியவற்றைக் கரி பற்றுவதில்லை. அமிலமும் காரமும் தொண்டையையும் இரைப்பையையும் அரித்துவிடுவன. அவற்றுக்குக் கரி கொடுத்தாற் பயனில்லை என்பதோடு, புண்ணைப் பார்த்தறியும் சோதனைக்கும் அது இடையூறாகும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குக் கரி ஏற்றதன்று; வாந்தி உண்டாகி எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் அதுவே பேராபத்து. மயங்கிக் கிடப்பவரின் வாயிலே கரிக்குழம்பை ஊற்றினாலும் அதே ஆபத்துத்தான். விழுங்கும் உணர்வுள்ளவருக்கே கரி கொடுக்கலாம். உணர்விழந்தவருக்குச் சுவாசக் குழாயைக் காத்த பின்னரே வைத்தியர் அதனைச் செலுத்துவர்.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே இந்த அறிவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் கமக்காரரின் வீடுகளிலே கிருமிநாசினியும் களைநாசினியும் இருக்கின்றன. வேலியோரத்திலே மஞ்சள் அலரி பூத்து நிற்கின்றது. அறியாச் சிறுவர் தவறுதலாகவும், பெரியோர் மனவேதனை மேலிட்ட ஒரு கணத்திலும் நஞ்சை உட்கொள்ளும் துயரம் இலங்கையின் கிராமப்புறம் எங்கும் நேர்ந்து வந்துள்ளது. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி முதலிய பகுதிகளின் உட்கிராமங்களிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளை அடைவதற்கு நேரஞ் செல்லும். கரியின் காலமோ மிகக் குறுகியது. வீதியிலே கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காலத்திலிருந்தே கழிகின்றது.

கரி உண்மையில் எவ்வளவு உயிர்களைக் காக்கின்றது என்னும் வினாவுக்கு விடை தேடிய பெரிய ஆய்வுகள் இலங்கையிலேயே நடைபெற்றன. அலரி நஞ்சு இருதயத்தின் துடிப்பைக் குலைப்பது. அது குடலுக்குள் மீண்டும் மீண்டும் வந்து சேரக்கூடியதாகையால், கரியைப் பன்முறை கொடுத்தால் நன்மை விளையும் என்று ஆய்வாளர் எண்ணினர். எச். அசித த சில்வாவும் அவரோடு சேர்ந்தோரும் நடத்திய ஆய்வு 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அலரி நஞ்சுண்ட 401 நோயாளர் அனைவருக்கும் முதலில் ஒரு வேளை கரி கொடுக்கப்பட்டது. பின்னர் 201 பேருக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 50 கிராம் வீதம் 3 நாட்களுக்குக் கரியும், 200 பேருக்கு வெறும் நீரும் கொடுக்கப்பட்டன. கரி பெற்றோரில் 5 பேரும், நீர் பெற்றோரில் 16 பேரும் இறந்தனர். கரிக்கு இது பெரும் வெற்றியாகத் தோன்றியது.

ஆயினும் விடயம் அங்கே முடிவுறவில்லை. வவுனியாவுக்கு அயலிலுள்ள அனுராதபுரம், மற்றும் பொலன்னறுவை உள்ளிட்ட மூன்று வைத்தியசாலைகளிலே மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை வைத்தியர்களும் இன்னும் பெரியதோர் ஆய்வை நடத்தினர். நோயாளர் 4,600க்கு மேற்பட்டோர். அவர்களிற் பாதிப்பேர் கிருமிநாசினி வகைகளையும், மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் அலரியையும் உட்கொண்டவர். ஒரு பகுதியினருக்குக் கரி இல்லை. ஒரு பகுதியினருக்கு ஒரு வேளை. மற்றப் பகுதியினருக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 6 வேளை. 2008இல் வெளியான முடிவின்படி, 6 வேளை கரி பெற்றோரில் இறந்தவர் நூற்றுக்கு 6.3, கரியே பெறாதோரில் இறந்தவர் நூற்றுக்கு 6.8. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று.

இரண்டு ஆய்வுகளும் கவனமாகச் செய்யப்பட்டவையே. கொடுத்த அளவும், இடைவேளையும், நாட்களின் எண்ணிக்கையும் வேறுபட்டன. கிராமப்புற நோயாளர் பலர் நஞ்சுண்டு மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே கரியைப் பெறுகின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆகவே இன்றைய வைத்தியர் கரியை எல்லா நஞ்சுக்கும் பொதுவான மருந்தாகக் கருதுவதில்லை. உண்ட நஞ்சு எது, எப்பொழுது உண்டது, நோயாளி விழிப்போடு இருக்கின்றாரா என்னும் மூன்றையும் ஆராய்ந்தே முடிவு செய்கின்றனர். கிருமிநாசினி வகைகள் பலவற்றுக்கு அத்திரோப்பீனும் செயற்கைச் சுவாசமும், பரசிட்டமோல் மிகையானால் அசிற்றைல்சிஸ்டீனும் கைகொடுக்கின்றன. அலரிக்குச் செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஆக்கப்பட்ட எதிர்மருந்தொன்று உண்டு. அது பயனுள்ளது என்பது கொழும்பிலே நடந்து 2000இல் வெளியான ஆய்வினாற் புலப்பட்டது. எனினும் அதன் விலை ஏழை நாட்டுக்கு எட்டாததாக இருந்தது. ஐயம் நேருமிடத்து, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர் ஆலோசனை பெறலாம்.

நஞ்சு மரணத்தைக் குறைத்ததில் மருந்தைவிடப் பெரிய பங்கு சட்டத்துக்கு உண்டு. 1995ஆம் ஆண்டளவிலே இலங்கையில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அதே ஆண்டிலே கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகள் விலக்கப்பட்டன. 1998இல் எண்டோசல்பானும், 2008க்கும் 2011க்கும் இடையிலே பரகுவாட் முதலியனவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. இருபது ஆண்டுகளுள் அந்த மரணவீதம் மூன்றிலொரு பங்களவுக்குத் தாழ்ந்தது. கைக்கெட்டிய நஞ்சின் கொடுமை குறைந்தபோது, மனவேதனையின் ஒரு கணத்தைக் கடந்து பிழைத்தெழுந்தவர் பல்லாயிரவர்.

இவற்றிலிருந்து வீட்டிலுள்ளோர் கைக்கொள்ள வேண்டியவை சிலவே. அடுப்புக்கரியையோ சிரட்டைக்கரியையோ இடித்துக் கரைத்துக் கொடுத்தல் ஆகாது. செயலூட்டாத கரிக்கு அந்த நுண்துளைகள் இல்லை. உப்புநீர் பருக்கியோ தொண்டையில் விரலிட்டோ வாந்தி எடுப்பித்தல் கூடாது. உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சாகும். பாலும் தேங்காய்ப்பாலும் எதிர்மருந்துகள் அல்ல. மயக்கமுற்றவரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துக. உடையிலே கிருமிநாசினி பட்டிருந்தால் உடையைக் களைந்து உடலை நீரினாற் கழுவுக. போத்தலையோ குளிசை உறையையோ இலையையோ கையோடு எடுத்துச் செல்க. உண்ட நேரத்தை ஒளிக்காமற் சொல்லுக. 2018ஆம் ஆண்டிலே வடமாகாணத்துக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். பெரிய வைத்தியசாலை தொலைவிலிருந்தால் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கே முதலிற் செல்லுதல் நன்று; முதலுதவி அங்கேயே தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. வைத்தியசாலையிற் பிழைத்தெழுந்தவரை வீட்டார் ஏசுவதும், ஊரார் இகழ்வதும், நடந்ததை மூடி மறைப்பதும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். அவர் மனத்தின் பாரத்தைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926 அதற்கென்றே இருக்கின்றது. குடலில் உள்ள நஞ்சைக் கரி பற்றலாம். மனத்திலுள்ள துயரைப் பற்றிக்கொள்ள மனிதரே வேண்டும்.